அமெரிக்காலேர்ந்து வந்த போன்ல நம்ம சிம் எடுக்கலையா? நெட்வொர்க் லாக் எடுக்கற கதை

போன பொங்கலுக்கு பெரியப்பா பையன் நியூஜெர்சிலேர்ந்து வந்தான். வரும்போது அவன் யூஸ் பண்ணிட்டு இருந்த ஐபோன் 13ஐ துடைச்சு கவர் எல்லாம் மாத்தி பெரியம்மாகிட்ட கொடுத்துட்டான். பெரியம்மா ஒரே சந்தோஷம், பழைய போன்லேர்ந்து ஜியோ சிம்ம கழட்டி இதுல போட்டாங்க. திரைல "சிம் நாட் சப்போர்ட்டட்"னு வந்து நின்னுது. கழட்டி முந்தானைல துடைச்சு திருப்பி போட்டாங்க, அதே தான். அப்புறம் என்ன, நங்கநல்லூர்லேர்ந்து பெரம்பூருக்கு எனக்கு போன். எங்க சொந்தத்துல யாருக்கு போன்ல என்ன ஆனாலும் நான் தான் சர்வீஸ் சென்டர், சம்பளம் ஃபில்டர் காபி.

இந்த மாதிரி வருஷத்துக்கு மூணு நாலு கேஸ் வருது எனக்கு, எல்லாருக்கும் தனித்தனியா வாட்ஸப்ல டைப் பண்ணி கை வலிக்குது. அதனால ஒரே தடவையா எழுதி வெச்சுடறேன்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கணும். போன் கெட்டுப் போகல, சிம்மும் கெட்டுப் போகல. அங்க போனை வித்த நெட்வொர்க் கம்பெனி தன் சிம் தவிர வேற எதையும் எடுக்காதபடி பூட்டி வெச்சிருக்கு. ஏன்னா அங்க பாதி பேர் போனை முழு காசு கொடுத்து வாங்கறதில்ல, மாச பில்லோட சேத்து தவணைல கட்டறாங்க, சில கம்பெனில 24 மாசம், சில கம்பெனில 36 மாசம். பணம் முடியறதுக்குள்ள போனை தூக்கிட்டு வேற நெட்வொர்க் போயிடக்கூடாதுல்ல, அதுக்கு தான் பூட்டு. நமக்கு இது புதுசா தெரியும், ஏன்னா இங்க போன் தனி சிம் தனின்னே பழகிட்டோம். 2018ல ஏர்செல் படுத்தப்போ ஞாபகம் இருக்கா, மெட்ராஸ்ல பாதி பேர் சிக்னல் இல்லாம தெருவுல நின்னு போனை மேல தூக்கி காட்டிட்டு இருந்தாங்க, அப்புறம் 1900க்கு போர்ட் மெசேஜ் போட்டு அடுத்த வாரமே அதே போன்ல வேற சிம். போனும் பூட்டி இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சு பாருங்க. ஆனா நம்ம ஊர்லயும் பூட்டே இல்லன்னு சொல்ல முடியாது, 2017ல வந்த ஜியோபோன்ல ஜியோ தவிர வேற சிம் ஓடாது, அதுக்கும் முன்னாடி 2003ல 501 ரூபா கட்டி வாங்கின ரிலையன்ஸ் போன்ல மாத்தறதுக்கு சிம்மே கிடையாது, நம்பரே போனுக்குள்ள தான்.

சரி, உங்க போன் நிஜமாவே லாக் தானான்னு எப்படி பாக்கறது. ஐபோன்னா ரொம்ப ஈஸி, செட்டிங்ஸ் போய் ஜெனரல், அதுல அபௌட், கொஞ்சம் கீழ தள்ளினா கேரியர் லாக்னு ஒரு வரி இருக்கும். அங்க "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்"னு இருந்தா திறந்த போன், கவலையே வேணாம். "சிம் லாக்டு"ன்னு இருந்தா மேல படிங்க. ஆண்ட்ராய்டுல நம்ம சிம்ம போட்டு ஆன் பண்ணி பாக்கறது தான் நல்ல டெஸ்ட், லாக் இருந்தா "சிம் நெட்வொர்க் அன்லாக் பின்"னு ஒரு கட்டம் வந்து நம்பர் கேக்கும். அந்த கட்டத்த பாத்த உடனே எங்க மாமா அவர் ஏடிஎம் பின்ன போட்டார், அப்புறம் வண்டி நம்பர், அப்புறம் 1234. தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. அதுக்கு இத்தனை தடவை தான்னு கணக்கு இருக்கு, தாண்டிட்டா சில மாடல்ல அந்த கட்டமே உறைஞ்சு போய் சரியான நம்பர் கிடைச்சா கூட எடுக்காது.

இன்னொரு குழப்பம், லாக்னு சொன்னாலே எல்லாரும் எல்லா லாக்கையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. திரைல பேட்டர்ன் மறந்து போறது வேற. போனை அழிச்சதுக்கு அப்புறம் பழைய ஆளோட ஆப்பிள் ஐடி இல்ல கூகுள் அக்கவுன்ட் கேட்டு நிக்கறது வேற. இங்க இஎம்ஐல வாங்கி தவணை கட்டலன்னா ஃபைனான்ஸ்காரன் போனையே முடக்கறது வேற. நான் சொல்றது சிம் எடுக்காத நெட்வொர்க் லாக் மட்டும். ஃபேக்டரி ரீசெட் போட்டா இது போகாது, ரூட் பண்ணாலும், அதாவது போன் சாஃப்ட்வேரோட முழு கன்ட்ரோல எடுத்தாலும் போகாது. கம்பெனி பதிவுல அது லாக்டு போன்னு இருக்கற வரைக்கும் நீங்க நூறு தடவை ரீசெட் போட்டாலும் வெளில வரும்போது பூட்டோட தான் வரும்.

இதுல தான் விஷயமே இருக்கு. சாவி ரிச்சி ஸ்ட்ரீட்ல இல்ல, பர்மா பஜார்ல இல்ல, போனை வித்த கம்பெனிகிட்ட தான் இருக்கு. அதுவும் கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்க கேட்டா டக்குனு நடக்கும், நாம இங்கேர்ந்து கேட்டா இழுக்கும். அதனால போன் ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடியே வேலைய முடிச்சுடணும். உங்க அண்ணனோ மச்சானோ "உனக்கு போன் எடுத்துட்டு வரேன்டா"ன்னு சொன்ன அன்னிக்கே "லாக் எடுத்துட்டியா"ன்னு கேளுங்க, அது ஒண்ணும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

அங்க சட்டமும் நம்ம பக்கம் தான் இருக்கு. 2013 ஆரம்பத்துல புதுசா வாங்கின போனை கம்பெனிய கேக்காம திறந்தா தப்புன்னு ஒரு நிலைமை இருந்துச்சு, ஜனங்க பெரிய சத்தம் போட்டாங்க, 2014 ஆகஸ்ட்ல ஒபாமா கையெழுத்து போட்டு அத மாத்தினார். 2015லேர்ந்து பெரிய கம்பெனிங்க எல்லாம் பணம் முடிஞ்ச போனை கேட்டா திறந்து தரோம்னு ஒத்துக்கிட்டாங்க, அதுக்கு காசும் கிடையாது. அதனால சொந்தமா பணம் முடிஞ்ச போனுக்கு "அன்லாக் பண்ண 100 டாலர்"னு எவனாவது கேட்டா அவன் நடுவுல புகுந்தவன்.

கம்பெனி கம்பெனியா சொல்றேன். ஏடி அண்ட் டி போன்னா அவங்க சைட்டுல டிவைஸ் அன்லாக்னு தனி பக்கம் இருக்கு, போனோட ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கற அடையாள நம்பர், அத போட்டு விண்ணப்பம் போடணும். பணம் முழுசா முடிஞ்சிருக்கணும், அவங்க நெட்வொர்க்ல குறைஞ்சது 60 நாள் ஓடியிருக்கணும், தொலைஞ்சதா திருடு போனதா புகார் இருக்கக்கூடாது. இப்ப அவங்க கஸ்டமரா இல்லாதவங்க கூட போடலாம், அது ஒரு நல்ல விஷயம், ஊருக்கு திரும்பி வந்து செட்டில் ஆனவங்களுக்கு உதவும். டி-மொபைல்னா மாசாமாசம் பில் கட்டற கணக்குல 40 நாள் ஓடி பணம் முடிஞ்சிருக்கணும். அவங்க வித்த சாம்சங்ல பல மாடல்ல போனுக்குள்ளயே வழி இருக்கு, செட்டிங்ஸ்ல கனெக்ஷன்ஸ், மோர் கனெக்ஷன் செட்டிங்ஸ், அதுல நெட்வொர்க் அன்லாக். அதுல பெர்மனன்ட்னு இருக்கறத தட்டுங்க, டெம்பரரிய தட்டிட்டு இங்க வந்து கொஞ்ச நாள்ல திரும்ப பூட்டிக்கிச்சுன்னு என்கிட்ட வராதீங்க. வெரைசன்ல ரொம்ப வருஷம் 60 நாள் ஆனா தானா திறந்துக்கும், அதனால கொஞ்சம் பழைய வெரைசன் போன்னா அநேகமா திறந்தே இருக்கும். புதுசா வாங்கினதுன்னா அந்த 60 நாள் கணக்க நம்பி உக்காராம வாங்கின தேதிய சொல்லி அவங்ககிட்டயே கேட்டுடுங்க.

சேல்ல சீப்பா கிடைக்கற பிரீபெய்ட் போன்ல உஷார். 40 டாலருக்கு ஆண்ட்ராய்டு கிடைக்குதுன்னு ரெண்டு மூணு அள்ளிட்டு வருவாங்க, அதுல ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம் வரைக்கும் அந்த ஊர்லயே ரீசார்ஜ் பண்ணி ஓட்டியிருக்கணும்னு கண்டிஷன் இருக்கும். டப்பா பிரிக்காம இங்க கொண்டு வந்தா அது கேமராவும் டார்ச்சும் தான்.

அப்புறம் அந்த "ஃப்ரீ" போன். அத்தை வீட்டு மாப்பிள்ளை டல்லாஸ்ல இருக்கார், புது போன் ஆஃபர்ல ஃப்ரீயா வந்துச்சுன்னு அத்தைக்கு அனுப்பிட்டார். ஃப்ரீன்னா என்னன்னா மாசாமாசம் பில்லுல தவணைய போட்டு அதே தொகைய கிரெடிட்டா திருப்பி தருவாங்க, 36 மாசம். கணக்குப்படி அது இன்னும் கடன்ல இருக்கற போன். திறக்கணும்னா மிச்ச தவணைய மொத்தமா கட்டணும், அப்படி கட்டினா சில கம்பெனில மீதி கிரெடிட்டும் போயிடும், ஃப்ரீ போனுக்கு முழு காசு கொடுத்த மாதிரி. மாப்பிள்ளைகிட்ட இத எப்படி சொல்றதுன்னு அத்தைக்கு தயக்கம். அந்த போன் இப்ப வைஃபைல சீரியல் பாக்க ஓடுது, தவணை முடியற வரைக்கும் அப்படித்தான் ஓடும்.

பெரியம்மா போன் கதைக்கு வரேன். அவன் தவணை எல்லாம் எப்பவோ முடிச்சுட்டான், அன்லாக் கேக்கணும்னு மட்டும் தெரியல. சரின்னு ரெண்டு பேரும் உக்காந்தோம். *#06# அடிச்சா 15 இலக்க ஐஎம்இஐ திரைல வரும், இதுக்கு சிம்மே வேணாம். அவன் படிக்க நான் அடிச்சேன், ஒரு நம்பர் தப்பு, ஃபார்ம் எடுக்கல, அதனால நீங்க அபௌட் பக்கத்துலேர்ந்து நம்பர அழுத்தி காப்பி பண்ணிக்குங்க. ரெண்டு சிம் போன்ல ரெண்டு ஐஎம்இஐ வரும், ஃபார்ம்ல முதல் நம்பர போடுங்க. ஃபார்ம் போயிடுச்சு, "மெயில்ல ஒரு லிங்க் வரும், 24 மணி நேரத்துக்குள்ள அமுக்குங்க, இல்லன்னா விண்ணப்பம் ரத்து"ன்னு வந்துச்சு. நான் அவனுக்கு சொன்னேன். அவன் சரின்னான். அன்னிக்கு மாட்டுப் பொங்கல், அவன் மெயிலே திறக்கல, அடுத்த நாள் காணும் பொங்கல்னு பசங்கள கூட்டிட்டு பீச்சுக்கு போயிட்டான். லிங்க் செத்துப் போச்சு. மெயிலும் ஸ்பாம்ல விழுந்திருந்துச்சு வேற. அதுக்குள்ள அவன் ஃப்ளைட் ஏறிட்டான், திரும்ப போட்டது அவன் ஊர் போய் தூங்கி எழுந்து, நமக்கு ராத்திரி எட்டரை அவனுக்கு காலைல பத்து, வாட்ஸப் கால்ல போட்டு "இப்பவே மெயில திற, நான் லைன்ல இருக்கேன்"னு நின்னு அமுக்க வெச்சேன். ரெண்டு வேலை நாள்ல ஓகேன்னு மெயில் வந்துச்சு.

ஓகே வந்த உடனே போன் தானா திறந்துடும்னு நினைக்காதீங்க. ஐபோன்ல லாக் கோடு எதுவும் அடிக்க வேணாம், அங்க மாத்தின விஷயம் ஆப்பிள் சர்வர் வழியா போனுக்கு வந்து சேரணும். வைஃபைல போட்டு நம்ம சிம்ம செருகி ஆன் பண்ணுங்க, பெரும்பாலும் அதுலயே எடுத்துக்கும். எடுக்கலன்னா பேக்கப் எடுத்துட்டு முழுசா அழிச்சு புதுசா செட்டப் பண்ணுங்க, அப்ப கண்டிப்பா எடுக்கும். அழிக்கறதுக்கு முன்னாடி கொடுத்த ஆள் அவரோட ஆப்பிள் ஐடிலேர்ந்து வெளில வந்துட்டாரான்னு பாருங்க, இல்லன்னா ஒரு பூட்ட திறந்து இன்னொரு பூட்டுல மாட்டுவீங்க. ஆண்ட்ராய்டுல சில கம்பெனி எட்டோ பதினாறோ இலக்க கோடு மெயில்ல அனுப்பும், நம்ம சிம்ம போட்டா வர கட்டத்துல ஒரே தடவை நிதானமா அடிங்க, பக்கத்துல குழந்தைங்க இல்லாத நேரமா பாத்து.

கடைக்காரங்க பத்தி சொல்லாம விட முடியாது. காலேஜ் படிக்கும்போது என்கிட்ட ஒரு லாக்டு ஐபோன் 6 இருந்துச்சு, மவுன்ட் ரோடு பக்கம் ஒரு கடைல "சிப் போட்டா ஓடும் தம்பி"ன்னார். ஆர்-சிம்னு பேரு, நகத்த விட மெல்லிசா ஒரு தகடு, சிம் மேல அப்படியே ஒட்டிக்கும். ட்வீசர்ல எடுத்து சிம்மோட சேத்து ட்ரேல வெச்சு ஏதோ நம்பர் எல்லாம் அடிச்சார், ஏர்டெல் சிக்னல் வந்துச்சு. எனக்கு அவர் சாமி மாதிரி தெரிஞ்சார். அந்த தகடு பண்றது என்னன்னா இது அந்த கம்பெனி சிம் தான்னு போனை ஏமாத்துது, பூட்டு அப்படியே தான் இருக்கு. மூணு மாசம் கழிச்சு சாஃப்ட்வேர் அப்டேட் வந்துச்சு, நான் அசால்ட்டா அப்டேட் பண்ணேன், சிக்னல் காலி. திரும்ப கடைக்கு போனா புது சிப் வாங்கணும்னார். வெறுத்துப் போய் ட்ரேய இழுத்தேன், தகடு மடங்கி உள்ள மாட்டி ட்ரே பாதில நின்னுடுச்சு, அத எடுக்க கொடுத்த காசுல ரெண்டு சிப் வாங்கியிருக்கலாம். ஊருக்கு வந்த பத்து நாள் ஓட்ட வேற வழியே இல்லன்னா போட்டுக்குங்க, அப்பா அம்மாக்கு கொடுக்கற போன்ல போடாதீங்க, அவங்க அவசரத்துக்கு கூப்பிடற நேரத்துல தான் அது காலை வாரும்.

அதவிட மோசம், "ஐஎம்இஐ மாத்தி தரேன், எல்லா சிம்மும் எடுக்கும்"னு சொல்ற ஆளுங்க. அந்த பக்கமே போகாதீங்க. 2023 டெலிகாம் சட்டத்துல ஐஎம்இஐல கை வெச்சா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்து கூட போடலாம். நெட்வொர்க் லாக் எடுக்கறது ஒண்ணு, போனோட அடையாளத்த அழிக்கறது வேற ஒண்ணு.

திறந்தாச்சு, சிக்னல் வந்தாச்சு, ஆனா கால் போகல. இது தான் அடுத்த கேஸ். ஜியோ 2016ல வந்ததுலேர்ந்தே 4ஜி தான், கீழ 2ஜி 3ஜி கிடையாது, கால் போகணும்னா போன் வோல்டிஇல, அதாவது 4ஜி மேலயே கால் போற முறைல பேச தெரியணும். அமெரிக்க மாடல் ஆண்ட்ராய்டு நிறைய அந்த ஊர் நெட்வொர்க்குக்கு மட்டும் வோல்டிஇ வெச்சுட்டு வரும், அதுல ஜியோ சிம் போட்டா நெட் பறக்கும், கால் மட்டும் போகாது. ஏர்டெல்ல 2ஜி இன்னும் இருக்கறதால கால் அதுல விழுந்து ஓடிடும், நெட் மட்டும் கால் பேசும்போது நின்னுடும். அதனால இந்த மாதிரி போனுக்கு ஜியோவ விட ஏர்டெல் பரவால்ல. ஐபோன்ல இந்த தொல்லை கிடையாது. இன்னொண்ணு பேண்ட், அதாவது சிக்னல் வர அலைவரிசை. இங்க ஜியோவும் ஏர்டெல்லும் 2300 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 40ஐ நெட்டுக்கு நல்லா யூஸ் பண்றாங்க, அமெரிக்க சீப் ஆண்ட்ராய்டு பலதுல அது இருக்காது, அப்ப பக்கத்து வீட்டு போன்ல வீடியோ ஓடும் உங்கதுல சுத்திக்கிட்டே இருக்கும். போன் வாங்கறதுக்கு முன்னாடியே மாடல் நம்பர போட்டு பேண்ட் லிஸ்ட்ல 3, 5, 8, 40 இருக்கான்னு பாத்துக்குங்க.

ஐபோன் 14லேர்ந்து அமெரிக்க மாடல்ல சிம் ட்ரேவே கிடையாது, இசிம் மட்டும், அதாவது கார்டு இல்லாம போனுக்குள்ளயே ஏத்தற சிம். போன வாரம் ஆஃபீஸ்ல ஒருத்தர் ட்ரே எங்கன்னு ஊக்க வெச்சு மைக் ஓட்டைல குத்திட்டு இருந்தார். இதுல ஒரு முக்கியமான விஷயம், லாக் இருக்கற போன்ல நம்ம ஊர் இசிம்மும் ஏறாது. நீங்க பாட்டுக்கு முதல்ல ஜியோகிட்டயோ ஏர்டெல்கிட்டயோ சொல்லி கைல இருக்கற சிம்ம இசிம்மா மாத்தினீங்கன்னா பழைய சிம் செத்துடும், புதுசு இதுல ஏறாது, பேங்க் ஓடிபி கூட வராம திரும்ப கடைல போய் ஆதார் நீட்டணும். கேரியர் லாக் வரில "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" வந்ததுக்கு அப்புறம் தான் இசிம்முக்கு போங்க.

மத்த நாட்டு போன்னா வேலை கம்மி. கனடால 2017 டிசம்பர்லேர்ந்து, பிரிட்டன்ல 2021 டிசம்பர்லேர்ந்து லாக் போட்டு விக்கவே கூடாது, ஜப்பான்லயும் 2021 அக்டோபர்லேர்ந்து கிட்டத்தட்ட அப்படித்தான். அதுக்கு முன்னாடி வாங்கின பழைய பீஸ்னா மட்டும் செக் பண்ணிக்குங்க.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கறவங்களுக்கு. "ஃபேக்டரி அன்லாக் பீஸ் சார்"னு சொன்னா ட்ரேய திறந்து பாருங்க, சிம்முக்கு அடில மெல்லிசா தகடு ஒட்டியிருந்தா எந்த அன்லாக்னு புரிஞ்சிடும். கேஒய்எம்னு ஆங்கிலத்துல அடிச்சு ஒரு இடம் விட்டு ஐஎம்இஐ போட்டு 14422க்கு மெசேஜ் அனுப்புங்க, இங்க பிளாக் ஆன போனா டூப்ளிகேட் நம்பரான்னு தெரிஞ்சிடும், அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி ஆப்லயும் பாக்கலாம். அப்புறம் உங்க சிம்ம உங்க கையால போட்டு, டவர் கோடு வந்தா மட்டும் போதாது, வீட்டுக்கு ஒரு கால் அடிச்சு பேசிட்டு, அவங்கள திருப்பி கூப்பிட சொல்லி அதுவும் வந்ததுக்கு அப்புறம் ஜிபே பண்ணுங்க.